‘ஹெல்ப்பர்’ என்று எழுதியிருந்தார்கள்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். முகத்துவாரத்து மணலில் முட்டி போட்டு, பெரிய கொடுவா மீன் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தியபடி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் சிரிக்கிறார். படத்துக்குக் கீழே கம்பு எந்த கம்பெனி, ரீல் எந்த கம்பெனி, முள்ளில் மாட்டிய பிளாஸ்டிக் மீன் என்ன நிறம் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். கடைசி வரி: ‘உள்ளூர் ஹெல்ப்பருக்கு நன்றி’.

கூடவே ஒரு குரல் பதிவு. “அண்ணே, அந்த ஹெல்ப்பர் நான்தாண்ணே. மீன் நிக்கிற எடத்தக் காட்டுனதே நானு. பேருகூடப் போடல பாத்தீங்களா?”

பெயர் போடாததற்காகவா ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். அதற்காகத்தான். அந்தப் பெயர் ஏன் விடுபட்டது என்று தேடிப் போனதில் நான் பார்த்ததை எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தம்பியின் அம்மா தினமும் அதே குப்பத்து ஏலத்தில் மீன் எடுத்துத்தான் தலைச்சுமையாக விற்கிறார். கட்டுரை எழுதிவிட்டு நான் சென்னைக்கு வந்துவிடுவேன், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காக இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். சென்னை, பெங்களூரிலிருந்து ஆட்களைக் காரில் கூட்டிவந்து, விடியற்காலையில் கரையில் நிறுத்தி, தூண்டில் கம்பு கொடுத்து, கடல்மீன் பிடிக்க வைத்து, மதியச் சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். ‘கைடட் ட்ரிப்’ என்று பெயர். படகு வேண்டாம், டீசல் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு அங்கே உல்லாசப் படகுக்குத் தடை போட்டார்கள். படகு வைத்து ஆள் ஏற்றினால் அனுமதி, லைஃப் ஜாக்கெட், போலீஸ் என்று ஆயிரம் கேள்வி. கரையில் நிற்கிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் படகுகளை மனத்தில் வைத்து எழுதியது. கோடையில் 61 நாள் தடைக்காலமும் விசைப்படகுகளுக்குத்தான். ஆக, இந்த வியாபாரத்துக்கு முதலீடு நாலு கம்பும் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கமும். அப்புறம் மீன் எங்கே நிற்கும் என்று தெரிந்த ஒரு மனிதர்.

அந்த மனிதர் யார் என்பதில்தான் நம் கதை.

அமாவாசைக்கு மறுநாள் ஒரு ட்ரிப்பில் நானும் போனேன். விருந்தினராக அல்ல, தம்பியோடு சாமான் தூக்குகிறவனாக. விடியற்காலை நாலரை மணி. ஆற்றுவாயின் தெற்குப் பக்கம் கல் போட்டிருக்கிறார்கள். கடல் அரிப்பைத் தடுக்கப் போடும் இந்தக் கல்வரிசைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் ‘தூண்டில் வளைவு’. அதன் மேல் நின்றுதான் தூண்டில் போடுகிறார்கள். பெயர் வைத்தவருக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று தெரிந்திருக்குமா தெரியவில்லை.

வந்தவர்கள் ஐந்து பேர். நல்ல மனிதர்கள்தான், மரியாதையாகப் பேசினார்கள். வந்த உடனே கம்பை எடுத்து வீசப் போனார்கள். தம்பி தடுத்தார். “இப்ப வேணாம் சார். வெள்ளம் இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு. அது நின்னு, வத்தத் தொடங்கட்டும். வத்தும்போது உள்ள இருந்து இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் இழுத்துக்கிட்டு வரும். கொடுவா அந்த ஓரத்துல, தலைய ஆத்துப் பக்கம் வச்சி நிக்கும். ஓடியாடித் தேடாது. வர்றத வாயில வாங்கிக்கும். அது நிக்கிற எடம் அந்தா, தண்ணி ரெண்டு நெறமா இருக்கு பாருங்க, அந்தக் கோடு.”

எனக்கு எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளம் திரும்பியது. மூன்றாவது வீச்சிலேயே ஒருவருடைய கம்பு வளைந்தது.

இதை எங்கே கற்றாய் என்று பிறகு கேட்டேன். “எங்க ஆயா கழிமுகத்துல எறா தடவும். சின்னதுல நான் கூடப் போவேன். பானையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதுதான் என் வேல. எறா எப்ப எங்க ஒதுங்கும்னு அதுக்குத் தெரியும். எறா இருக்கிற எடத்துக்குத்தானே கொடுவா வரும்?” தாத்தா அந்தக் காலத்தில் கரைவலை இழுக்கப் போனவர். வலை வேறொருவருடையது. கூலி, கூடையில் கடைசியாக மிஞ்சும் பொடிமீன். அப்பா ஐஸ் கட்டி உடைத்து, லாரிக்குப் பெட்டி ஏற்றினார். மூன்று தலைமுறையாகக் கடலை நம்பிச் சாப்பிட்ட குடும்பம். குடும்ப அட்டையிலோ எந்தக் கணக்கெடுப்பிலோ இவர்கள் மீனவர்கள் இல்லை. விவசாயக் கூலி.

இனி காசு. ஒரு ஆளுக்கு 3,500 ரூபாய், ஐந்து பேருக்கு 17,500. தம்பிக்கு 600. இரை கொண்டுவந்து கொடுத்த இருளர் அக்காவுக்கு 200. அந்த 200 ரூபாய்க்கு அவர் இரவு இரண்டு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி, உயிர் இறால் பிடித்து, ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்வியபடி அதில் போட்டுச் சேர்த்திருக்கிறார். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பையை எப்படிப் பிடிப்பது? பல்லில்தான். அவருடைய விரல்நுனிகளைப் பார்த்தேன், எழுத முடியவில்லை. வந்தவர்களில் ஒருவர் அந்தப் பறியைப் படம் எடுத்துக்கொண்டார். அழகாக இருக்கிறது என்றார். அழகாகத்தான் இருந்தது.

‘கைடு’ என்று தொப்பியில் எழுதிக்கொண்டு இன்னொரு இளைஞர் வந்திருந்தார். கம்பெனி ஆள். கம்பைப் பற்றி, நரம்பைப் பற்றி, முடிச்சைப் பற்றி நன்றாகவே தெரிந்தவர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆற்றுவாயை அவருக்கு அறிமுகப்படுத்தியதே தம்பிதான். போன வருடம் மூன்று மாதம் கூடவே சுற்றிக் கரையில் எந்த மாதம் எந்த இடம் என்று எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார். அதைக் கம்பெனிக்காரர் ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொண்டார். இப்போது அது கம்பெனியின் அறிவு.

சாதி என்பது வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று பாபாசாகேப் 1936-இல் எழுதினார். நாம் அதை மலக்குழிக்கும் சுடுகாட்டுக்கும் பறைக்கும் பொருத்திப் பார்க்கப் பழகியிருக்கிறோம். இவ்வளவு புதிய ஒரு தொழிலில், பத்து வருடம்கூட ஆகாத ஒரு பொழுதுபோக்கு வியாபாரத்தில், அதே அடுக்கு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே கம்பெனி, அடுத்து கைடு, அப்புறம் ஹெல்ப்பர், தண்ணீருக்குள் இருளர் அக்கா. யாரும் திட்டமிட்டு உட்காரவைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மதியச் சாப்பாட்டில் விஷயம் இன்னும் வெளிச்சமாயிற்று. வந்தவர்களில் ஒருவர், “ரிசார்ட் சாப்பாடு வேண்டாம், இங்கே யார் வீட்டிலாவது மீன்குழம்பு கிடைக்குமா?” என்று கேட்டார். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “எங்க வீட்லயே ஆக்கச் சொல்றேன் சார், அம்மா கொடுவாத் தலை போட்டு வச்சா நீங்க வேற எதுவும் கேக்க மாட்டீங்க.” கம்பெனிக்காரர் அவரைத் தனியே கூப்பிட்டுப் போனார். இரண்டு நிமிடம். திரும்பி வந்து, குப்பத்தில் ஒரு வீட்டில் ஏற்பாடு செய்திருப்பதாக விருந்தினரிடம் சொன்னார். தம்பி எதுவும் பேசவில்லை. நான்தான் விடாமல் கேட்டேன். “காலனிக்குக் கூட்டிட்டுப் போனா குப்பத்துல பிரச்சின பண்ணுவாங்க, நமக்கு எதுக்கு வம்புன்னாருண்ணே. அப்பறம், ‘ஒரிஜினல் ஃபிஷர்மேன் லஞ்ச்’னுதான் பக்கத்துல போட்டிருக்காங்களாம். நம்ம வீடு அதுல வராதாம்.”

அந்தக் கம்பெனிக்காரர் கெட்டவர் இல்லை. பேசிப் பார்த்தேன், சாதி பார்க்கிறவர் இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே. குப்பம் பார்த்துக்கொள்கிறது, அவர் அதை மதித்து நடக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். தம்பியும் காலனியைச் சேர்ந்த இரண்டு நண்பர்களும் சேர்ந்து கடன் வாங்கி, பழைய கம்பு நான்கு வாங்கினார்கள். மூவருமே பட்டப்படிப்பு முடித்தவர்கள். தாங்களே ஒரு பக்கம் தொடங்கினார்கள், ஆளுக்கு 1,500 ரூபாய் என்று. முதல் ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஆசிரியர்கள் மூன்று பேர் வந்தார்கள். கம்பைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

“டேய், யாரக் கேட்டுடா ஆள் கூட்டியாந்த? இது எங்க கரை. நீங்க எப்படா கடலுக்கு வந்தீங்க?”

தம்பி பணிவாகத்தான் கேட்டிருக்கிறார். சென்னைக் கம்பெனி மட்டும் வருகிறதே? அவர்கள் ஊர் நிதிக்கு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பணம் கட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. நாங்களும் அதே பணத்தைக் கட்டுகிறோம் என்றார் தம்பி. அதற்கு ஒரு பெரியவர் சொன்ன பதிலை நண்பன் ஒருவன் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னான்: “உங்ககிட்ட வாங்கக் கூடாதுடா. வாங்கினா நாளைக்குப் பங்கு கேப்பீங்க.”

நான் இதுவரை படித்த எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளைவிட இந்த ஒரு பதில் தெளிவாக இருக்கிறது. யாரென்றே தெரியாத சென்னைக்காரர் பணம் கட்டினால் அது வாடகை, காலனிக்காரன் கட்டினால் அது உரிமை ஆகிவிடும். பயம் மீனைப் பற்றியது இல்லை, பங்காளி ஆகிவிடுவோம் என்பதைப் பற்றியது.

இது ஒரு ஊரின் கோளாறு இல்லை. பழவேற்காடு ஏரியின் ‘பாடு’ முறையைப் பற்றி மீன்வளம் படிக்கும் மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுச் சுழற்சியில் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. சண்டை இல்லாமல், ஏரியையும் வற்றடிக்காமல், சமூகமே நடத்தும் வள மேலாண்மைக்கு நல்ல உதாரணம் என்று வெளிநாட்டு அறிஞர்கள் வரை பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் எழுத, பட்டினவர் சமூகத்தில் பிறந்திருக்க வேண்டும், அந்த ஊர்களின் தலைக்கட்டாக இருக்க வேண்டும். பெண்ணாக இருக்கக் கூடாது. தலித்துகளும் இருளர்களும் அந்தப் பாடுகளுக்கு வெளியே, ஆழம் குறைந்த ஓரத்தில், கையால் தடவிப் பிடிக்க வேண்டியவர்கள். நல்ல தண்ணீர் ஒருவருக்கு, ஓரத்துச் சேறு இன்னொருவருக்கு. ‘சமூக மேலாண்மை’ என்று படிக்கும்போது எந்தச் சமூகம் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நடந்ததும் இதுதான். படகு போனவருக்குப் படகு, வலை போனவருக்கு வலை. படகில் பெட்டி ஏற்றியவர், கருவாடு காயவைத்தவர், கழிமுகத்தில் கையால் பிடித்தவர் எதை இழந்தார் என்று கணக்கெடுக்கப் பட்டியலில் கட்டமே இல்லை. முகாமில் தனியாக ஒதுக்கப்பட்டதும், நிவாரணம் கடைசியாக வந்து சேர்ந்ததும் அப்போதே மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாயின. இருபது வருடம் ஆகிவிட்டது. எங்கள் தம்பியின் காலனியில் இன்றைக்கும் ஒருவரிடம்கூட மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் தடைக்கால நிவாரணம் இல்லை, நலவாரியம் இல்லை. நாளைக்கு அரசு ‘மீனவர் நடத்தும் கடற்கரைச் சுற்றுலா’ என்று ஒரு திட்டம் போட்டால் அதுவும் இல்லை.

அப்படி ஒரு திட்டம் வராது என்று நினைக்காதீர்கள். 2023 சுற்றுலாக் கொள்கையில் சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி கொடுத்தாயிற்று, சாகசச் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாகவும் சேர்த்தாயிற்று. இன்று ஒழுங்கில்லாமல் நடக்கும் கரைத் தூண்டில் நாளைக்குப் பதிவு, உரிமம், பயிற்சிச் சான்று என்று வரிசைக்கு வரும். வரும்போது, அன்றைக்கு யார் கைடு, யார் ஹெல்ப்பர் என்று இருக்கிறதோ அதுவே காகிதத்தில் ஏறும். அதனால்தான் படத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கடைசி வரியை விடக் கூடாது என்கிறேன்.

குப்பத்து மக்களை எதிரியாக்கி எழுதுவதில் எனக்கு விருப்பம் இல்லை. அவர்களும் மிகவும் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறவர்கள். பேருந்தில் மீன் கூடையோடு ஏறினால் இறக்கிவிடப்படுகிறவர்கள். துறைமுகமும் அனல்மின் நிலையமும் அவர்கள் கரையைத்தான் தின்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து அவர்கள் போராடியபோது நாமும் போய் நின்றோம், இனியும் நிற்போம். ஆனால் ‘கடல் எங்கள் தாய்’ என்று மேடையில் சேர்ந்து முழங்கிவிட்டு, கரைக்கு வரும்போது நீ எந்தத் தெரு என்று கேட்டால், அந்தத் தாய் யாருக்குத் தாய்? படிநிலைச் சமத்துவமின்மையில் மேலே இருந்து மிதிபடுகிறவருக்கும் மிதிக்கக் கீழே ஒருவர் கிடைக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் 1989-இல்கூட ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று நகராட்சிப் பலகை நின்றது. பலகை இருந்ததால் அதைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்ட முடிந்தது. நம் கரையில் பலகை இல்லை, நாலு பெரியவர்கள் நடந்து வந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? இதை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரையும் ஓடும் நீரும் மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து என்றது. ஊரின் சொத்தும் இல்லை, ரிசார்ட்டின் சொத்தும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் வந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 3(1)(za) பிரிவு, பொதுவளங்களை மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தடுப்பதைக் குற்றம் என்கிறது. அதே பிரிவின் இன்னொரு உட்பிரிவு, மற்றவர்கள் செய்யக்கூடிய ஒரு தொழிலை அவர்கள் செய்யவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது. மிரட்டலாகச் சமூகப் புறக்கணிப்பு செய்தால் 3(1)(zc). ‘முதலில் விசாரிக்கிறோம், பிறகு எஃப்.ஐ.ஆர்.’ என்று காவல் நிலையத்தில் சொன்னால், 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவைக் காட்டுங்கள். முன்விசாரணை தேவையில்லை என்று அது நேராகவே சொல்கிறது. நம் தோழர்கள் பலர் 3(1)(r), (s) என்ற இரண்டை மட்டுமே எழுதித் தருகிறார்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்தான் வன்கொடுமை என்று நாமே நம்பிவிட்டோம். இங்கே யாரும் சாதிப் பெயர் சொல்லவில்லை. ‘நீங்க’ என்றார்கள், அவ்வளவுதான்.

புகார் கொடுத்தோமா? இல்லை, இன்னும் கொடுக்கவில்லை. தம்பியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “வேணாம்ப்பா, நாளைக்கு ஏலத்துல என்னை நிக்க விடமாட்டாங்க. மூணு பொண்டு புள்ளைங்க பொழப்பு என்னை நம்பி இருக்கு” என்றார். நான் பேச வாயெடுத்து மூடிக்கொண்டேன். 3(1)(zc) இருக்கிறது அம்மா என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. ஏலம் விடியற்காலை ஐந்து மணிக்கு, நீதிமன்றம் பத்தரைக்கு.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது இரண்டு மாணவத் தோழர்கள் எதிர்த்தார்கள். பணக்காரர்களுக்குத் தூண்டில் பிடித்துக் கொடுப்பது ஒரு விடுதலையா, கைடு என்று தொப்பி போட்டால் சாதி போய்விடுமா, இந்தச் சுற்றுலாவே கரையை விழுங்க வந்த பூதம், அதில் நமக்கு எதற்குப் பங்கு என்றார்கள். மரியாதையான கேள்விதான். பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். கரையில் வேலி போட்டு, காசு கொடுத்தால்தான் உள்ளே என்று வரும் நாளில் முதலில் வெளியேற்றப்படுகிறவர் அந்த இருளர் அக்காவாகத்தான் இருப்பார். இரைக்காகச் சேற்றுப் புழுவையும் இறாலையும் மூட்டையாக அள்ள ஆரம்பித்தால் ஏரி தாங்காது என்பதும் சரி.

மற்ற பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. தூய்மையான தொழில் கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? ஐ.டி. கம்பெனி தூய்மையா? 1927-இல் மகாடில் குளத்து நீரைக் கையில் அள்ளியபோது அந்தத் தண்ணீர் சுவையாக இருக்கும் என்று யாரும் அள்ளவில்லை. அந்தக் குளத்தில் எங்களுக்கும் இடம் உண்டு என்று காட்ட அள்ளினார்கள். தம்பி கேட்பதும் அதுதான். அவருக்குக் கடல் தெரியும். ஆயா கற்றுக்கொடுத்தது. அதைத் தன் பெயரில், தன் விலைக்கு, தன் வீட்டுச் சாப்பாட்டோடு விற்கிறேன் என்கிறார். அதைத் தடுப்பவரைக் கேட்காமல், அவரைப் பார்த்து ‘உனக்கு எதற்கு இந்த ஆசை’ என்று கேட்பது சரியில்லை தோழர்களே.

இப்போது செய்துகொண்டிருப்பது சின்ன வேலைதான். காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் வீடு வீடாகப் போய், கடலையோ கழிமுகத்தையோ நம்பிப் பிழைக்கிறவர்களின் பெயர், என்ன செய்கிறார்கள், எத்தனை வருடமாக என்று எழுதுகிறோம். இதுவரை நாற்பத்தியொரு பெயர், அதில் இருபத்தாறு பெண்கள். பறி வைத்திருக்கும் அக்காவின் பெயர்தான் முதல் பெயர். இந்தப் பட்டியலோடு சங்க உறுப்பினர் விண்ணப்பம் போகும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குவோம். பக்கத்து மாவட்டங்களில் இருக்கிறவர்கள் உங்கள் கரையிலும் இதைச் செய்ய முடியுமானால் எனக்கு எழுதுங்கள், படிவத்தை அனுப்புகிறேன்.

தம்பி அந்தப் பக்கத்தை மூடவில்லை. அடுத்த அமாவாசைக்கு மறுநாள், விடுதி மாணவர்கள் ஆறு பேர் அவரோடு அதே தூண்டில் வளைவுக்குப் போகிறார்கள். நானும் ஒரு வழக்கறிஞர் தோழரும் கூடப் போகிறோம். ஆளுக்கு 300 ரூபாய், இறாலுக்குத் தனியாக, அது நேரே அக்காவின் கைக்கு. சாப்பாடு தம்பி வீட்டில். வர நினைக்கிறவர்களுக்கு அவர் சொல்லச் சொன்னது: “செருப்பு போட்டுக்கிட்டு வராதீங்க, சேத்துல மாட்டிக்கும். வெறுங்காலோட வாங்க. நாலு மணிக்கெல்லாம் வந்துடணும், வெள்ளம் நமக்காக நிக்காது.”